ஏழாம் எலி

ஆம்பூரில் அறுபடும் ஆடு
பல வழியாகப் பிரிந்து போகும்.
தோல், சுண்ணாம்புத் தொட்டிக்கு.
கறி, பிரியாணி அண்டாவுக்கு.
மண்டைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி,
அது மட்டும் ஐஸ் அடைத்த பிளாஸ்கில்
பாசஞ்சர் ஏறி, காட்பாடியில் இறங்கி
எங்கள் மேசைக்கு வரும்.
கொண்டுவரும் கலீமுல்லா பாய்
ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"இத வெச்சி என்னம்மா பண்றீங்க?"

முந்நூறு தலையின் பட்டாணியை
அரைத்து, வடித்து, உலர்த்தினால்
நகக்கண்ணில் அடங்கும் தூள்.
எண்ணெயில் குழைத்து
முயலுக்குப் போடுவோம்.
அயல் சரக்கு என்று முயலின் ரத்தம் அறிந்துகொள்ளும்.
வாரக்கணக்கில் அதை மடக்கிப் பிடிக்க ஆள் திரட்டும்.
நாங்கள் காதோர நரம்பில் கீறி
அந்த ஆட்களைக் குழாயில் பிடித்துக்கொள்வோம்.

மே மாதம் மூன்று முயல் போயிற்று.
ஈரச் சாக்கு கட்டினோம், ஐஸ் கட்டி வைத்தோம்.
வேலூர் வெயிலுக்கு விஞ்ஞானம் தெரியாது.

எலிக்கு நாலே நாளில் ஒரு மாதம்.
தினமும் காலையில் ஒரு துளி உப்புநீர்
உள்ளே விட்டு, உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பார்ப்பேன்.
சருகு சருகாய் இருந்தால் நேற்றிரவே முடிந்துவிட்டது.
உருண்டைச் செல்கள் கொத்துக் கொத்தாய் இருந்தால்
இன்று அந்திக்கு முன்
மூளையடியிலிருந்து அலை கிளம்பும்,
இரவில் முட்டை உதிரும்.
அலை கிளம்புமுன், இரண்டு மணிக்கு,
முயலின் சீரத்தை எலிக்குள் இறக்கிவிட வேண்டும்.
பக்கத்து வரிசைக்கு
ஊசி அறியாத முயலின் வெறும் சீரம்.

ஒன்று என்ன செய்கிறது என்று அறிய
அதை இல்லாமல் ஆக்கிப் பார்ப்பது.
டாக்டர் சுகிர்தம் சொல்வார்:
"மாமியாருக்கு என்ன வேலைன்னு
அவங்க ஊருக்குப் போன வாரந்தான் தெரியும்."

என் தலைக்குள்ளும் அதே பட்டாணி.
அது எந்த அந்தியில் அலை எழுப்புகிறது,
யாரும் தகடு வைத்துப் பார்த்ததில்லை.
தொரப்பாடி பஸ்ஸின் முதுகில்
சிவப்பு முக்கோணம் போகும்.
அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

மறுநாள் காலை எண்ணினோம்.
கருக்குழாயின் உப்பிய இடத்தைக் குத்தினால்
ஜவ்வரிசி போல வழுக்கி வரும்.
வெறும் சீரம்: பத்து, பன்னிரண்டு, பத்து, பதினொன்று.
எதிர்ச்சீரம்: ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
ஆறு எலி வரை ஒன்றுமில்லை.
முனிரத்தினம் விசிலடிக்கத் தொடங்கியிருந்தார்.

ஏழாவதில் பதினொன்று.

மீண்டும் எண்ணினேன். பதினொன்று.
வாலில் பிக்ரிக் மஞ்சள் ஏழு கோடு.
நேற்று இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி நின்று, கண்ணில் வியர்வை இறங்கி,
ஏழின் ரோமத்தில் ஏதோ ஈரம் பட்டது.
பஞ்சால் துடைத்தேன்.
அது சீரமா, என் வியர்வையா?

டாக்டர் மெட்ராஸில்.
கட்டுரை தபாலுக்குக் காத்திருக்கிறது.
முனிரத்தினம் மெதுவாகச் சொன்னார்:
"ஏழு செத்துப்போச்சுன்னு எழுதிக்கம்மா.
செத்துதான கீது."

சிரிப்பு வந்தது.
பேனா மூடியைக் கடித்தபடி
நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே மலைப்பாறை கொதித்துக்கொண்டிருந்தது.
கூண்டுகளில் தண்ணீர்ப் புட்டியை
மூக்கால் தட்டும் சத்தம்.

எழுதினேன்:
ஏழு. பதினொன்று.
மின்தடை. ஊசி நழுவியிருக்கலாம்.
தெரியவில்லை.

கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பிளாஸ்க் வந்தது.
முந்நூறு தலை, சொட்டும் ஐஸ்.
"இத வெச்சி என்னம்மா பண்றீங்க?"
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
"இன்னும் முழுசா தெரியல பாய்.
அடுத்த வாரமும் கொண்டாங்க."